சட்டை மாறிய வாரம்

1

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு கதை எழுதினேன். அதில் என் தாத்தா போர்முனையில் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடி வருவார். ஓடி வந்தவர் ஊரில் தலைகாட்ட முடியாமல் பெண்டாட்டி பிள்ளையோடு எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடுவார். கதைக்குப் பரிசு கிடைத்தது. "சொந்தக் குடும்பத்தையும் விட்டுவைக்காத எழுத்து" என்று நடுவர் ஒருவர் மேடையில் புகழ்ந்தார். நானும் வெட்கமில்லாமல் தலையை ஆட்டினேன்.

தாத்தா துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. பட்டாளத்தில் துணி வெளுத்தவர் அவர்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. அப்போது தெரியாதா என்றால், தெரியும். கல்லூரியில் கோபக்காரி என்று பெயரெடுத்தவள் நான். முதல்வர் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனவள். ஆனால் 'சலவைக்காரர்' என்று எழுத வந்தபோது கை நின்றுவிட்டது. துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியவன் கோழை. கோழைக்குக் கதைகளில் ஓர் இடம் உண்டு, ஒரு கௌரவம்கூட உண்டு. பிறத்தியார் சட்டையைத் துவைத்தவனுக்கு என்ன உண்டு? அன்று என் புத்தி இப்படித்தான் போயிற்று. எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கிய புத்தி.

ஆக, இது அந்தக் கதையைத் திருத்த வந்த கதை. அவர் ஏன் ஊரை விட்டு வந்தார் என்பதுதான் கேள்வி. ஒரு பதிலைச் சுமந்துகொண்டு தவிப்பது நானல்ல, என் அத்தை.

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

எல்லைச் சாவடியில் அன்று பனி மூடியிருந்தது. ஒரு கையில் மகளையும் மறு கையில்

(பனி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. சாவடி என்றாலே பனியைப் போட்டுவிடுகிற கையை முதலில் உடைக்க வேண்டும்.)

போர் ஒரு மனிதனை என்னவெல்லாம் செய்யும் என்று யாராலும்

(கட்டுரைப் போட்டி.)

அவர் கடையைப் பூட்டவில்லை. பின்புறக் கொடிகளில் நாற்பது வீட்டுத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

இது உண்மை. அத்தை சொன்னது. ஒரு கைக்குட்டையைக்கூடத் தொலைத்ததில்லை என்று பேர் வாங்கிய மனிதர், ஊராரின் துணியை வெயிலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். சலவைத் தொழிலில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால், கொலை செய்தவனைப் பற்றிச் சொன்னது போல் பார்க்கிறார்கள்.

2

அத்தை அப்பாவின் அக்கா. எல்லையைத் தாண்டியபோது அவளுக்கு ஏழு வயது. அப்பா இந்தப் பக்கம் வந்த பிறகு பிறந்தவர். தாத்தாவும் பாட்டியும் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். அந்தப் பயணத்தில் மிச்சம் அத்தை ஒருத்திதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எட்டு வயதில் முக்காலி மேல் ஏறி நின்று இஸ்திரி போடத் தொடங்கியவள், இன்றைக்கும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறைக் கடையில் அதையேதான் செய்கிறாள். முக்காலி மட்டும் இல்லை.

அப்பா பெரிய ஆஸ்பத்திரியில் சலவை இயந்திரம் ஓட்டுகிறார். யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்பார். கம்பவுண்டர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு. தாத்தாவைப் பற்றிக் கேட்டால், "பட்டாளத்துல இருந்தாரு." எங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.*

* நானும் அதையே செய்கிறேன். மேலே இரண்டு தொடக்கங்களில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் நிறுத்தினால் கூச்சம். நான் நிறுத்தினால் உத்தி.

பரிசு வாங்கிய மறுநாள் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு அத்தை கடைக்குப் போனேன்.

"வாங்க வக்கீலம்மா. கையில என்ன?"

(வக்கீலம்மா என்பது நான். வக்கீலுக்குப் படிக்கவில்லை. சின்ன வயதில் எல்லாவற்றுக்கும் எதிர்க்கேள்வி கேட்டதால் வந்த பட்டம்.)

"தாத்தாவைப் பத்திக் கதை எழுதியிருக்கேன் அத்தை. பரிசு குடுத்திருக்காங்க."

"எங்கப்பாவுக்கா?"

"எனக்கு."

"அதானே பாத்தேன். அவருக்கு எவன் குடுப்பான். சரி, படி படி."

படித்தேன். ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். தாத்தா துப்பாக்கியை எறியும் இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். அத்தை ஒரு தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மடித்தாள். பிரித்தாள். மறுபடி தேய்த்தாள். நான் படித்து முடிப்பதற்குள் அதே உறையை நான்கு தடவை தேய்த்திருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா எங்கப்பா பயந்து ஓடி வரலடி."

"கதைதானே அத்தை. கற்பனை."

"கற்பனை பண்ணணும்னா உன்னைய வெச்சுப் பண்ணிக்கோ." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவரு வந்தது என்னால. நான் வாயத் தொறந்ததால. அதுக்குத்தான் என்னைய அப்புறம் ஸ்கூல் பக்கமே விடல. அம்பத்தெட்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. நீ ஊருக்கெல்லாம் தப்பாச் சொல்லிட்டு வந்து நிக்கறே, அதனால சொல்றேன்."

நான் கேட்க நினைத்தது: என்ன சொன்னீங்க? நான் கேட்டது: "அப்ப கதையை நிறுத்தச் சொல்லட்டுமா?" அச்சாகி வந்த கதையை யார் நிறுத்துவது? அத்தை சிரித்தாள். அது சிரிப்பில் சேர்த்தியில்லை.

3

அத்தை சொன்னதை எழுதுவதற்கு முன் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். தொழில் தெரியாவிட்டால் தப்பு தெரியாது.

நூறு பேர் சட்டையை ஒன்றாகப் போட்டு வெளுத்தால் எது யாருடையது என்று எப்படித் தெரியும்? குறி போட வேண்டும். கழுத்துப் பட்டையின் உட்பக்கம், சிவப்பு நூலில், நகக்கண் அளவுக்கு. இரண்டு கோடு ஒரு புள்ளி. ஒரு கோடு குறுக்கே ஒரு கோடு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குறி. இதற்குப் புத்தகம் கிடையாது. எல்லாம் வெளுப்பவரின் தலைக்குள். தாத்தாவின் தலைக்குள் நானூறு பேர் இருந்தார்கள். முகம் மறந்தாலும் குறி மறக்காது என்று பாட்டி கேலி செய்வாராம்.

போரில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்திருக்கிறது. பதுங்கு பள்ளங்களிலிருந்து ஆட்கள் நனைந்து நனைந்து வருகிறார்கள். உலர்ந்த சட்டை வேண்டும். கொட்டகைக்குள் நெருப்பு மூட்டித் தாத்தா உலர்த்துகிறார். பத்து உலர்வதற்குள் முப்பது பேர் நிற்கிறார்கள். குறி பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் பாதிப் பேர் குளிரிலேயே விறைத்துப்போவார்கள். அதனால் பார்க்கவில்லை. கைக்கு வந்ததைக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக.

(நான் இதை நல்ல செயலாகத்தான் எழுதுகிறேன். நல்ல செயல்தான்.)

ஏழாவது நாள் ஆற்றங்கரையில் சண்டை. நாற்பது பேர் திரும்பவில்லை. பதினான்கு உடல்கள்தான் கிடைத்தன. ஆறு அடித்து உருட்டியதில் முகங்கள் இல்லை. அதிகாரி தாத்தாவைக் கூப்பிட்டனுப்பினார். "நீதான் குறி பார்த்து ஆளைச் சொல்வியே. சொல்லு."

பக்கத்தில் எழுத்தர் தாளோடு நிற்கிறார். தாத்தா குனிந்து முதல் சட்டையின் கழுத்தைப் புரட்டுகிறார். குறி தெளிவாக இருக்கிறது. பெயரைச் சொல்கிறார். எழுத்தர் எழுதுகிறார். இரண்டாவது. பெயர். மூன்றாவது கழுத்தில் இருந்த குறிக்குச் சொந்தக்காரன் பத்தடி தள்ளி உயிரோடு நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

தாத்தா, "குறி அழிஞ்சுபோச்சுங்க" என்றார்.

பதினான்கில் ஐந்து பேருக்கு இப்படி 'குறி அழிந்து' போயிற்று. ஒன்பது பேருக்குப் பெயர் சொன்னார். ஒன்பது வீடுகளுக்குக் கடிதம் போயிற்று; கூடவே சட்டையும். மீதி வீடுகளுக்கு 'காணவில்லை' என்று ஒரு வரி.

ஒரே ஒரு வாக்கியம் போதும்: 'இந்த வாரம் சட்டையெல்லாம் மாறிப்போச்சு.' ஏன் சொல்லவில்லை? இந்த இடத்தில் மூன்று வரைவு கிழித்தேன். ஒன்றில் அதிகாரியின் சவுக்குக்குப் பயந்தார். (சவுக்கு என் முதல் கதையிலிருந்து தப்பி வந்தது.) ஒன்றில் உடல்களைப் பார்த்து வாயடைத்துப்போனார். மூன்றாவதில், என் சலவையில் தப்பு நடந்தது என்று சொல்ல அந்த மனிதருக்கு நாக்கு எழவில்லை; தொழில் ஒன்றுதான் அவருக்கு இருந்த பேர். மூன்றாவதுதான் நிஜமாக இருக்கும் என்று படுகிறது. 'சலவைக்காரர்' என்று எழுதக் கூசிய நான் சொல்கிறேன்: வாய் வரைக்கும் வந்த ஒரு சொல் அங்கேயே நின்றுவிட அவ்வளவு பெரிய பயமெல்லாம் தேவையில்லை.

4

ஊர் திரும்பித் தாத்தா கடை போட்டார். அந்த ஒன்பதில் மூன்று வீடுகள் அதே ஊரில் இருந்தன. அவர்கள் துணியும் அவரிடம்தான் வந்தது. நான்கு வருடம் துவைத்தார்.

மூன்றில் ஒரு வீடு பள்ளிக்கூட டீச்சருடையது. ஒரே மகன்.

(டீச்சரை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பல நாள் உட்கார்ந்திருந்தேன். கொடுமைக்காரியாக எழுதினால் வேலை சுலபம். அத்தையிடம் கேட்டேன். "என்னைய ஒரு நாளும் அடிச்சதில்லடி. என் சிலேட்ட மட்டும் தன் முந்தானையால தொடச்சுக் குடுப்பாங்க" என்றாள். வேலை சுலபமாகவில்லை.)

ஒரு மாலை அந்த ஏழு வயதுச் சிறுமி, அதாவது அத்தை, கடையில் தனியாக இருந்தாள். அவள் அப்பா துணி கொடுக்கப் போயிருந்தார், அம்மா உள்ளே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். டீச்சர் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். வகுப்பில் பார்ப்பதைவிடக் குள்ளமாகத் தெரிந்தாள்.

"அப்பா இல்லையாம்மா?"

"வந்துருவாரு டீச்சர். குடுங்க, நான் வாங்கி வெக்கறேன்."

டீச்சர் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு பட்டாளத்துச் சட்டை. மண்ணும் கறையும் காய்ந்து அட்டை போலிருந்தது. "நாலு வருஷமா துவைக்காம வெச்சிருந்தேன். இனிமே வெச்சிருந்து என்ன ஆகப்போகுது. அப்பாகிட்ட மெதுவா வெளுக்கச் சொல்லு. அவன் சட்டை" என்றாள். சொல்லிக்கொண்டே இருக்கும்போது முகம் கோணியது. பெரியவர்கள், அதுவும் டீச்சர், அழுது அவள் பார்த்ததில்லை.

சிறுமிக்குத் தன் டீச்சரைத் தேற்ற வேண்டும் போலிருந்தது. அவளிடம் ஒரு நல்ல செய்தி இருந்தது. போன மழைக்காலத்தில் ஒரு நாள், தான் தூங்கிவிட்டதாக நினைத்து அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

"அழாதீங்க டீச்சர். அது உங்க அண்ணனோடதா இருக்காது.* அந்த வாரம் மழைல சட்டையெல்லாம் மாறிப்போச்சாம். அப்பா மாத்தி மாத்திக் குடுத்தாராம். செத்துப்போனது வேற யாராவதா இருக்கும்."

* டீச்சர் மகனை அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் அண்ணன் என்றுதான் சொல்வார்களாம். 'உங்க அண்ணன்' என்று அத்தை சொல்லும்போது இன்றைக்கும் திருத்திக்கொள்வதில்லை. நானும் திருத்தவில்லை.

டீச்சர் அழுகையை நிறுத்தினாள். சிறுமிக்குப் பெருமையாக இருந்தது. டீச்சர் குனிந்து அவள் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள். பிறகு சட்டையைத் திரும்பப் பொட்டலம் கட்டிக்கொண்டு, வெளுக்கக் கொடுக்காமலே போய்விட்டாள்.

மறுநாள் பள்ளியில் எதுவும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாள் டீச்சர் கடைக்கு வந்தாள். சிறுமியை உள்ளே போகச் சொன்னார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கேள்விதான் காதில் விழுந்தது.

"அப்ப என் பையன் எங்க?"

 பிறகு டீச்சர் போகும் காலடிச் சத்தம் கேட்டது. அதற்கடுத்த நாள் விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். கொடியில் துணி ஆடிக்கொண்டிருந்தது.

"சிலேட்டக்கூட எடுத்துக்கல. எடுத்துட்டு வரட்டுமான்னு கேட்டேன். எங்கப்பா என்னைய ஒரு பார்வை பாத்தாரு. அவ்வளவுதான். இங்க வந்து ஸ்கூல்னு அவரும் பேசல, நானும் கேக்கல. கேக்கற மூஞ்சியா எனக்கு?" என்றாள் அத்தை.

5

எனக்கு வந்த கோபத்தைச் சொல்கிறேன். ஏழு வயதுப் பெண், அழுத பொம்பளையைத் தேற்றியதற்காக, வாழ்நாள் முழுக்க எழுத்து வாசனை இல்லாமல் நிற்கிறாள். அவள் தேய்த்த துணியில்தான் நான் படித்தேன். என் விடுதிக் கட்டணம், புத்தகம், பரிசு வாங்கக் கட்டிக்கொண்ட புடவையின் மடிப்பு எல்லாம் அவள் கை. அவளிடம், "உங்களால இல்ல அத்தை" என்று ஒரு வார்த்தை நான் சொல்லவேண்டும். சும்மா ஆறுதலுக்கு இல்லை. அத்தாட்சியோடு.

எல்லையைத் தாண்டியவர்களின் அனுமதிச் சீட்டுகளைப் பழைய சுங்கக் கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் முழுக்கப் பேருந்தில் போனேன். மூக்குக்கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பதிவறைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரைத் தேடறீங்க?"

"எங்க தாத்தாவை."

"எல்லாரும் தாத்தாவத்தான் தேடறீங்க. உசுரோட இருக்கறவங்களத் தேடி ஒருத்தரும் வர்றதில்ல. இங்க தொழில்வாரியாத்தான் கட்டி வெச்சிருக்கோம். அவரு என்ன தொழில்?"

"பட்டாளம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. பட்டாளத்துக் கட்டுகளை எடுத்துப் போட்டார். காலையிலிருந்து பிற்பகல் வரை தூசியில் தும்மித் தும்மி ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இல்லை. பதிவறைக்காரர் தன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவி, துடைத்து, எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"பட்டாளத்துல என்ன பண்ணினாரும்மா?"

"... துணி வெளுத்தாரு."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாய்ல கொழுக்கட்டையா?"

பத்து நிமிடத்தில் கிடைத்தது.

விண்ணப்பித்த தேதி. அனுமதி கொடுத்த தேதி, விண்ணப்பித்த அதே வாரம். தாண்டிய தேதி. முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே ஒன்பது வாரம். அத்தை டீச்சரிடம் பேசியது கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு. ஒன்பது வாரத்துக்கு முன்பே அவர் கிளம்ப முடிவு செய்துவிட்டார்!

எழுந்து குதிக்காத குறை. அத்தைக்கு எடுத்துச் செல்ல என் கையில் அத்தாட்சி இருந்தது.

அதற்குக் கீழே ஒரு கட்டம். 'குடிபெயரக் காரணம்.'

அதில் எழுதியிருந்தது: மகள் படிப்பு.

"இதெல்லாம் எழுத்தர் தானா எழுதிக்கறதுதானே?" என்று கேட்டேன். 

பதிவறைக்காரர் கண்ணாடியைத் தூக்கி மாட்டிக்கொண்டு அதே கட்டிலிருந்த மற்ற சீட்டுகளைப் புரட்டிக் காட்டினார். தொழில். தொழில். உறவினர். தொழில். உறவினர். தொழில். தொழில்.

"எழுத்தருக்கு ரெண்டு வார்த்தைதான் தெரியும். இது உங்க தாத்தா வாயால சொன்னதும்மா."

6

இதை எப்படிப் படிப்பது? எனக்குத் தெரிந்த வகையில் எழுதுகிறேன். உங்களுக்கு வேறு வகை தெரியலாம்.

அ. தாத்தா நிஜமாகவே மகளைப் படிக்கவைக்க ஆசைப்பட்டார். இந்தப் பக்கம் பள்ளிகள் நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டார். வந்தார். வந்த இடத்தில் வயிற்றுப்பாடு. மகளை முக்காலியில் ஏற்றினார். (இப்படியானால் நான் வாங்கிய பட்டம் அவர் ஆசைப்பட்டது; இரண்டு தலைமுறை தாமதமாக, தப்பான ஆளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். எனக்கோ அத்தை கையிலிருந்து பிடுங்கி என் கையில் கொடுத்தது போலிருக்கிறது.)

ஆ. சாவடியில் நின்றபோது வாயில் வந்ததைச் சொன்னார். எதையாவது சொல்ல வேண்டுமே. அப்படியும் மனிதர்கள் உண்டு. ஆனால் எதையாவது சொல்பவர், எல்லோரும் சொல்வதைத்தானே சொல்லியிருப்பார்?

இ. திரும்பி வந்த பிறகு அத்தையிடம் சுற்றி வளைத்து ஒன்று கேட்டேன். "டீச்சர்கிட்ட எத்தனை வருஷம் படிச்சீங்க அத்தை?" "எங்க வருஷம்? மொதல் வகுப்புல வேற டீச்சர். ரெண்டாவதுலதான் அவங்ககிட்ட வந்தேன். ஸ்கூல் தொறந்து ரெண்டு மாசம் சொச்சம்தான்" என்றாள். அந்தப் பக்கம் பள்ளி திறக்கும் தேதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளி திறந்து பத்து நாளில் தாத்தா விண்ணப்பித்திருக்கிறார்.

நான்கு வருடம் அந்த வீட்டுத் துணியை அவரால் துவைக்க முடிந்தது. துணிக்கு முகம் கிடையாது. ஆனால் தினமும் காலையில் தன் மகளைக் கொண்டுபோய், தன்னால் யார் சட்டையையோ மகனுடையது என்று வைத்து அழுதுகொண்டிருந்த ஒருத்தியின் கையில் ஒப்படைக்க வேண்டும். அவள் அந்தப் பிள்ளையின் சிலேட்டை முந்தானையால் துடைப்பாள். அதைப் பத்து நாள் பார்த்தார். பதினோராவது நாள் சாவடிக்குப் போய்ச் சொன்னார்: மகள் படிப்பு. பொய் சொல்லவில்லை. வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினார். இந்தப் பக்கம் வந்த பிறகு எந்தப் பள்ளி வாசலையும் அவரால் பார்க்க முடியவில்லை.

இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும்.

(நான்காவதாக ஒன்று வைத்திருந்தேன். காணாமல் போனவர்களில் சிலர் எல்லை தாண்டிப் பிழைத்துக்கிடப்பதாக ஊரில் பேச்சு இருந்ததாம். டீச்சர் மகனைத் தேடித்தான் தாத்தா வந்தார், சாகும்வரை கைக்கு வந்த ஒவ்வொரு சட்டையின் கழுத்தையும் புரட்டிப் பார்த்தார் என்று. நான்கு பக்கம் எழுதினேன். மிக அழகாக வந்தது. கிழித்துப்போட்டேன். அழகாக வந்த ஒரு கதையால் பட்டது போதும்.)

7

அத்தை கடை. பிற்பகல். கல்யாண மண்டபத்திலிருந்து வந்த மேசை விரிப்புகள் மலை போல் கிடந்தன. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன், அவள் மறுமுனை.

"போன காரியம் என்னடி ஆச்சு?"

"தேதி கிடைச்சுது அத்தை. நீங்க டீச்சர்கிட்ட பேசறதுக்கு ஒன்பது வாரம் முன்னாடியே தாத்தா அனுமதி கேட்டிருக்காரு. நல்லாக் கேட்டுக்கோங்க. ஒன்பது வாரம். உங்களால இல்ல. சீட்டுல போட்டிருக்கு."

விரிப்பை இரண்டாக மடித்தோம். நான்காக மடித்தோம். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்து வந்தது எதுவும் வரவில்லை.

"சீட்டு கையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப ஏன் ஒன்பது வாரம் சும்மா உக்காந்திருந்தாரு?"

வக்கீலம்மா என்ற பட்டத்தை நான் அவளிடம்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். பேருந்தில் ஒரு நாள் முழுக்க வந்தேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

"போக மனசு வரலையோ என்னமோ."

"அதான் நானும் சொல்றேன். மனசு வராம இருந்திருக்காரு. நான் பேசினதும் மனசு வந்துடுச்சு." சிரித்தாள். "சரி விடு. என்ன காரணம்னு போடலையா? எதுக்குப் போறேன்னு கேட்டு எழுதியிருப்பாங்களே."

இங்கேதான். நகல் என் பைக்குள் இருந்தது. பை என் தோளில் இருந்தது.

சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தேன். 'உன் படிப்புக்குன்னு சொல்லிட்டு வந்தாரு அத்தை.' அறுபத்தைந்து வயதில், மேசை விரிப்பைப் பிடித்துக்கொண்டு, அவள் இதைக் கேட்க வேண்டும். தண்டனை என்று நினைத்து ஒரு வழியாக ஒத்துக்கொண்டு வாழ்ந்துவிட்டாள். அது தண்டனை இல்லை, உனக்காகத்தான் கிளம்பினார், ஆனால் உனக்குக் கிடைக்கவில்லை, தம்பி மகளுக்குக் கிடைத்தது என்று எந்த வாயால் சொல்வது? அந்தப் படிப்பைப் படித்த வாயாலா?

"அந்தக் கட்டம் காலியா இருந்துச்சு அத்தை. நிரப்பல" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தாள்.

"எங்கப்பாவா? பொத்தான் இல்லாத சட்டை வந்தாக்கூட ஒண்ணு தெச்சுத்தான் குடுப்பாரு. அவரு காலியா விட்டாரா?"

"விட்டிருக்காரு."

"சரி." விரிப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அவ்வளவு தூரம் போய்ப் பாத்தியே, அதுவே பெருசு. சாப்பிட்டியா?"

முதல் கதையில் நான் தாத்தாவுக்குச் செய்தது தெரியாமல் செய்ததல்ல, ஆனால் திமிரில் செய்தது. இது திமிரில்லை. ஆற்றங்கரையில் குனிந்து நின்று 'குறி அழிஞ்சுபோச்சுங்க' என்று சொன்னவரின் பேத்தி, கழுத்துப் பட்டையைத் தெளிவாகப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னாள். அன்றைக்குத்தான் தாத்தா எனக்குப் புரிந்தார். புரிந்துகொள்ள வேறு வழி இருந்திருக்கலாம்.

8

முடிவு எழுதவில்லை. எழுதினால் எதை எழுதினாலும் அது நான் அவளிடம் சொல்லாததாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒரு விஷயம். அத்தை கடையில் துணிக்குக் காத்திருப்பவர்கள் சும்மா நிற்க முடியாது. "நின்னுக்கிட்டு என்ன பண்றே, எதையாவது படி" என்பாள். செய்தித்தாள், மருந்துச் சீட்டு, பொட்டலம் கட்டி வந்த பழைய பத்திரிகை, எதுவானாலும் சரி. அவளுக்கு அப்படித்தான் உலகம் தெரியும். நான் எழுதியது ஏதாவது வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் வாங்கி வைத்துவிடுவாள். இதையும் வாங்குவாள். நான் போய்ப் படிக்கப் போவதில்லை. ஆகவே படிக்கப்போவது உங்களில் ஒருவர். இஸ்திரி போட்ட சட்டைக்காக அந்தச் சந்துக் கடையில் நிற்கப்போகிற நீங்கள்.

உங்களுக்குச் சில விவரங்கள்.

நான்காம் பகுதியோடு நிறுத்திவிட்டு, 'மிச்சம் கிழிஞ்சிருக்கு' என்று சொல்லலாம். நம்பமாட்டாள், ஆனால் வற்புறுத்தமாட்டாள். ஐந்தில் தேதிகளை மட்டும் படித்துவிட்டு எட்டுக்குத் தாவலாம். தாவினால் எண்களை வாய்விட்டுப் படிக்காதீர்கள். எழுத்துதான் தெரியாது, எண் தெரியும். ஐந்துக்கு அப்புறம் எட்டு என்றால் பிடித்துக்கொள்வாள். அல்லது எல்லாவற்றையும் படிக்கலாம், நான் பொய் சொன்னது உட்பட. படித்தால் அ, ஆ, இ மூன்றையும் படியுங்கள். பிடித்த ஒன்றை மட்டும் பொறுக்காதீர்கள். நான் அதைச் செய்துதான் பரிசு வாங்கினேன்.

எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்பதற்கு நான் அங்கே இருக்கமாட்டேன். அவள்தான் இருப்பாள். 'குடிபெயரக் காரணம்' என்ற இடம் வந்ததும், 'என்ன போட்டிருக்கு?' என்று கேட்பாள்.

சொல்வதென்று முடிவு செய்தால், அவள் பெட்டியைக் கீழே வைக்கும்வரை பொறுங்கள்.